விழித்தும் விழிப்பில்லா நிலை: வீட்டில் தொடரும் இயன்முறை மருத்துவம்

மூளைக் காயம் ஏற்பட்டு நான்கு வாரங்கள் கடந்த பிறகும் தன்னையும் சுற்றுப்புறத்தையும் உணரும் திறன் முழுமையாகத் திரும்பாதிருப்பதை மருத்துவம் ‘நீடித்த உணர்வுநிலைக் கோளாறு’ என வகைப்படுத்துகிறது. சாலை விபத்தில் தலையில் அடிபட்டவர், நீரில் மூழ்கிக் காப்பாற்றப்பட்டவர், மாரடைப்பின்போது சில நிமிடங்கள் மூளைக்குப் பிராணவாயு கிட்டாமற்போனவர், மூளைக்குள் இரத்தம் கசிந்தவர் எனப் பலரும் இந்நிலைக்கு ஆளாகக்கூடும். இவர்களுக்கான சிகிச்சை நூல்களில் பெரும்பாலானவை பெருநகர மறுவாழ்வு மையங்களை மனத்திற்கொண்டு எழுதப்பட்டவை. தமிழ்நாட்டிலோ இந்நோயாளர் மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் இருப்பது தம் வீட்டுக் கட்டிலில்தான் என்பதால், இவ்வத்தியாயம் புதுக்கோட்டை மாவட்டம் அன்னவாசல் ஒன்றியத்திலுள்ள குடுமியான்மலை போன்றதோர் ஊரைக் களமாகக் கொண்டு, அங்கே செல்லும் இயன்முறை மருத்துவருக்கும் நோயாளரைக் கவனிக்கும் குடும்பத்தாருக்கும் வேண்டியவற்றைக் கூற முற்படுகிறது.

சிகாநாதசுவாமி கோயிலாலும் குடைவரையை ஒட்டிய இசைக் கல்வெட்டாலும் அறியப்படும் இவ்வூரிலிருந்து புதுக்கோட்டை நகரம் சுமார் 20 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. 2017-இல் அங்கே அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது. திருச்சி, தஞ்சாவூர், மதுரை ஆகிய நகரங்களின் பெரிய மருத்துவமனைகளும் சில மணி நேரத்துக்குள் அடையக்கூடியவையே. 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கிவைக்கப்பட்ட ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தின்படி சாலை விபத்துக்குள்ளானோரின் முதல் 48 மணி நேர அவசர சிகிச்சைச் செலவை அரசே ஏற்கிறது. உயிரைக் காக்கும் ஏற்பாடு வலுப்பெற வலுப்பெற, முன்பு வழியிலேயே இறந்திருக்கக்கூடியவர்களில் ஒரு பகுதியினர் கடுமையான மூளைப் பாதிப்போடு வீடு திரும்புகின்றனர்; முதல் 48 மணி நேரத்துக்கு இருக்கும் தெளிவான நடைமுறை அடுத்த 48 மாதங்களுக்கு இல்லை என்பதே இத்துறையின் பெருங்குறை. அக்குறையை ஓரளவு நிரப்பக்கூடியது, 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டமாகும். இதன்கீழ் ஒன்றிய அளவில் இயன்முறை மருத்துவரும் நோய்த்தணிப்புப் பராமரிப்புச் செவிலியரும் வீடுதேடிச் செல்கின்றனர். ஆயினும் ஓர் ஒன்றியத்தின் ஊர்கள் அனைத்தையும் சுற்றிவர வேண்டியவர் ஒரே வீட்டுக்கு நாள்தோறும் வர இயலாது. எனவே அவர் வருகையின் பெரும்பகுதி, அவர் வராத நாட்களில் செய்யவேண்டியதைக் குடும்பத்தாருக்குக் கற்பிப்பதில் செலவாக வேண்டும்.

நிலைகளை வேறுபடுத்தி அறிதல்

ஊர்வழக்கில் எல்லா நிலையும் ‘கோமா’ என்றே சொல்லப்பட்டாலும், சிகிச்சைக்கு மூன்று நிலைகளைப் பிரித்தறிவது இன்றியமையாதது. கோமா என்னும் ஆழ்மயக்கத்தில் கண்கள் திறப்பதே இல்லை. அது பொதுவாகச் சில வாரங்களுக்கு மேல் நீடிப்பதுமில்லை. அதன் பின் கண்கள் திறந்து, உறக்கமும் விழிப்பும் மாறி மாறி வந்தாலும், உணர்ந்து செய்யும் செயல் எதுவும் தென்படாவிடில் அது உணர்வற்ற விழிப்பு நிலை எனப்படும். 1972-இல் ஜென்னெட், பிளம் என்னும் இருவர் இதற்கிட்ட பழைய ஆங்கிலப் பெயர் மனிதரைத் தாவரத்தோடு ஒப்பிடுவதாகப் பலருக்குப் பட்டதால், 2010-க்குப் பின் மருத்துவ உலகம் மென்மையான இப்பெயரையும் வழங்கி வருகிறது. மூன்றாவதான குறை உணர்வு நிலை 2002-இல் வரையறுக்கப்பட்டது. இதில் நோயாளர் சில வேளைகளில் பொருளைக் கண்ணால் தொடர்வார், சொன்னதை ஒருமுறை செய்து மறுமுறை செய்யாமல் விடுவார், வலிக்கும் இடத்தை நோக்கிக் கையைக் கொண்டுசெல்வார். இந்நிலையின் இயல்பே நிலையின்மைதான். காலையில் இருந்த மறுமொழி மாலையில் இராது.

இந்த நிலையின்மையால்தான் தவறான கணிப்புகள் மிகுகின்றன. இலண்டன் மருத்துவமனை ஒன்றில் உணர்வற்ற விழிப்பு நிலை எனக் கருதி அனுப்பப்பட்ட 40 பேரை ஆராய்ந்து 1996-இல் வெளியான ஆய்வில், அவர்களுள் 17 பேர் உண்மையில் உணர்வுடையவர்களாயிருந்தனர். அந்தப் பதினேழு பேரில் பெரும்பாலோர் பார்வையிழந்தோ பார்வை மிகக் குன்றியோ இருந்ததால், கண்ணசைவை மட்டும் நம்பிய சோதனைகள் அவர்களைக் கைவிட்டிருந்தன. 2006-இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள், கட்டளைக்கு எந்த அசைவும் காட்டாத இளம்பெண் ஒருவரிடம் டென்னிஸ் ஆடுவதாகக் கற்பனை செய்யச் சொன்னபோது, அவரது மூளையின் இயக்கப் பகுதிகள் நலமுள்ளோருக்கு நிகராகச் செயற்பட்டதை மூளையைப் படமெடுக்கும் வரைவியில் கண்டனர். 2024-இல் வெளியான பன்னாட்டு ஆய்வு, கட்டளைக்கு உடலால் மறுமொழி காட்டாத 241 பேரில் 60 பேரிடம், அதாவது நால்வரில் ஒருவரிடம், இத்தகைய மறைந்த உணர்வு இருந்ததாகத் தெரிவித்தது. அன்னவாசல் ஒன்றியத்தில் அவ்வரைவிக்கு வழியில்லை என்பது உண்மையே. ஆனால் இவ்வாய்வுகளிலிருந்து ஒரு நடைமுறை விதி பிறக்கிறது. கட்டிலருகே நின்று நோயாளரின் எதிர்காலத்தையோ, மருத்துவச் செலவையோ, சொத்துத் தகராறையோ பேசக்கூடாது என்பதே அவ்விதி.

கட்டிலருகே செய்யத்தக்க சோதனைகளுள் இன்று முதன்மையாகக் கருதப்படுவது, 2004-இல் திருத்தி வெளியிடப்பட்ட கோமா மீட்பு அளவுகோல் ஆகும். கேட்டல், பார்த்தல், உடலியக்கம், வாய் அசைவும் பேச்சும், தொடர்புகொள்ளல், விழிப்பு என ஆறு பிரிவுகளில் அமைந்த இதன் உச்ச மதிப்பெண் 23. ஒரே ஒரு சோதனையை வைத்து முடிவு கூறக்கூடாது என்பதும், இரு வாரத்துக்குள் ஐந்து முறையேனும் சோதிப்பது பிழையைப் பெரிதும் குறைக்கும் என்பதும் 2017-இல் வெளியான ஆய்வின் முடிவு. வீட்டுக்குச் செல்லும் இயன்முறை மருத்துவர் இந்த ஐந்தையும் தாமே செய்ய இயலாதபோது, அளவுகோலின் சில பகுதிகளைக் குடும்பத்தார் கவனித்துக் குறித்துவைக்கும் வண்ணம் எளிமைப்படுத்திக் கொடுக்கலாம்.

அவற்றுள் எளியதும் பயன்மிக்கதும் கண்ணாடிச் சோதனை. நோயாளரைத் தலை நிமிர்ந்திருக்குமாறு சாய்த்து அமரவைத்து, முகம் பார்க்கும் கைக்கண்ணாடியை அவர் முகத்துக்கு முன் ஒரு சாண் இடைவெளிக்குள் பிடித்து, தம் முகம் அவருக்குத் தெரிகிறதா என்பதை உறுதிசெய்த பின், மெதுவாக வலப்புறமும் இடப்புறமும் பின்னர் மேலும் கீழுமாக நகர்த்த வேண்டும். பேனாவையோ விரலையோ தொடராத கண்கள் தம் முகத்தைத் தொடர்வதுண்டு. பார்வைத் தொடர்தலைச் சோதிக்கப் பிற பொருள்களைவிடக் கண்ணாடியே சிறந்தது என்பது ஆய்விலும் உறுதியாகியுள்ளது. கண்கள் விட்டுவிட்டுத் தாவாமல் கண்ணாடியோடு சீராக நகர்ந்தால் அது குறை உணர்வு நிலைக்கான முதல் அறிகுறிகளுள் ஒன்று.

பெயர் சொல்லி அழைப்பது இன்னொரு சோதனை. ஒருவருக்குத் தம் பெயரே மிக வலிய ஒலி. ஆனால் இப்பகுதியில் கணவர் பெயரைச் சொல்லி அழைக்கும் வழக்கம் மூத்த தலைமுறைப் பெண்களிடம் இல்லையாதலால், மனைவியை அழைக்கச் சொன்னால் ‘ஏங்க’ என்பதே வரும். அச்சொல்லும் நோயாளருக்குப் பழகியதே; எனினும் பெயருக்கான மறுமொழியை அறியத் தாயோ அண்ணனோ அழைக்க வேண்டும், அதுவும் பள்ளிப் பதிவேட்டுப் பெயரால் அன்றி வீட்டில் வழங்கிய பெயரால் அழைக்க வேண்டும். கட்டளைகளும் பேச்சு வழக்கிலேயே அமைதல் நலம்: ‘கண்களை மூடவும்’ என்பதைவிட ‘அப்பு, கண்ண மூடு’ என்பது வயல்வேலையில் வாழ்ந்த ஒருவரின் செவியில் விரைந்து பதியும். ஒரு கட்டளையைச் சொல்லிப் பத்து நொடி காத்திருந்து, நான்கு முறை திரும்பக் கேட்டு, அவற்றுள் எத்தனை முறை செய்தார் எனக் குறிக்க வேண்டும். கட்டளை இல்லாத வேளையில் அதே அசைவு தானாக எத்தனை முறை நிகழ்கிறது என்பதையும் அருகே எழுதாவிடில் அக்குறிப்புக்குப் பொருளில்லை.

குடும்பத்தார் பெரிதும் நம்பி ஏமாறுவது கைப்பிடியில்தான். உள்ளங்கையில் விரலை வைத்தவுடன் நோயாளர் இறுகப் பற்றுவது பச்சிளங்குழந்தையிடமும் காணப்படும் அனிச்சைச் செயல். ‘பிடி’ என்றதும் பிடிப்பதைவிட ‘விடு’ என்றதும் விடுவதே உணர்வின் சான்று. இதை விளக்கும்போது நம்பிக்கையை நொறுக்கும் தொனி வேண்டியதில்லை. எதைக் கவனிக்க வேண்டும் என்று மாற்றிக் காட்டினால் போதும்.

தசை இறுக்கமும் மூட்டு முடக்கமும்

மூளையிலிருந்து வரும் கட்டுப்பாடு குலைவதால் தசைகள் தாமே முறுக்கேறி நிற்பது தசை இறுக்கம். அவ்விறுக்கத்தாலும் அசைவின்மையாலும் தசையும் மூட்டுறையும் குறுகி, மயக்க மருந்து கொடுத்தாலும் விரியாதபடி மூட்டு நின்றுவிடுவது மூட்டு முடக்கம். பெல்ஜியத்தின் லீஜ் நகர ஆய்வுக் குழு, நாள்பட்ட உணர்வுநிலைக் கோளாறு உடையோரில் பத்துக்கு ஏறத்தாழ ஒன்பது பேரிடம் தசை இறுக்கத்தைக் கண்டது. முழங்கை மடங்கி, மணிக்கட்டு உட்புறம் வளைந்து, கட்டை விரல் உள்ளங்கைக்குள் புதைந்து, பாதம் கீழ்நோக்கிக் குத்திட்டு நிற்பது பொதுவான தோற்றம்.

இந்திய அளவில் இதற்குப் பலரும் அறிந்த சான்று அருணா ஷான்பாக். மும்பை கே.இ.எம். மருத்துவமனைச் செவிலியரான இவர் 1973 நவம்பரில் தாக்கப்பட்டு, 2015 மே 18 அன்று நிமோனியாவால் இறக்கும்வரை ஏறத்தாழ 42 ஆண்டுகள் அதே மருத்துவமனையில் செவிலியர்களால் பராமரிக்கப்பட்டார். 2011 மார்ச் 7 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு கருணைக்கொலை பற்றிய விவாதத்துக்காகவே நினைவுகூரப்படுகிறது. இயன்முறை மருத்துவர் படிக்கவேண்டியது வேறு பகுதி. அத்தனை ஆண்டுகளில் அவருக்குப் படுக்கைப் புண் ஒன்றுகூட வரவில்லை என்பதை நீதிமன்றம் பாராட்டிப் பதிவு செய்தது. அதே வழக்கின் மனுவிலோ, அவருடைய மணிக்கட்டுகள் உட்புறம் முறுகியும் விரல்கள் உள்ளங்கையை நோக்கி மடங்கியும் இருந்ததாகவும், வளரும் நகங்கள் சதையைக் கிழித்ததாகவும் கூறப்பட்டிருந்தது. தோலைக் காப்பதும் மூட்டைக் காப்பதும் வெவ்வேறு பணிகள் என்பதையும், மிகச் சிறந்த செவிலியர் பராமரிப்பும் இரண்டாவதற்கு ஈடாகாது என்பதையும் இதைவிடத் தெளிவாகக் காட்ட இயலாது.

மூடிய கையைத் திறப்பதற்கு ஒரு முறை உண்டு. விரல்களை நேராகப் பிடித்து இழுத்தால் இறுக்கம் கூடுமேயன்றிக் குறையாது. முதலில் மணிக்கட்டை மேலும் சற்று உட்புறமாக வளைத்தால், விரல்களை மடக்கும் தசைநாண்கள் தளர்ந்து விரல்கள் தாமே சிறிது நெகிழும். அந்த நெகிழ்வில் கட்டை விரலை அதன் அடிப்பகுதியில் பற்றி வெளியே எடுத்து, பின் ஏனைய விரல்களை விரித்து, விரிந்த நிலையிலேயே மணிக்கட்டை மெல்ல நிமிர்த்த வேண்டும். திறந்த உள்ளங்கையை வெதுவெதுப்பான நீரில் கழுவி, விரலிடுக்குகளை ஈரமின்றித் துடைத்து, நகங்களை ஒட்ட வெட்டி, பழைய வேட்டித் துணியைச் சுருட்டி உள்ளங்கையில் வைக்கலாம். புதுக்கோட்டையின் கோடை வெக்கையில் அத்துணி வியர்வையில் நனைந்து நாறும் என்பதால் நாளுக்கு இருமுறை மாற்றுவது அவசியம்.

மூட்டுகளை அசைத்துவிடும் பயிற்சியில் வேகமே எதிரி. தசை இறுக்கம் இழுக்கும் வேகத்துக்கேற்பக் கூடும் தன்மையுடையது. எனவே ஓர் அசைவை முடிக்க ஐந்தாறு நொடிகள் எடுத்துக்கொண்டு, தடை தென்படும் இடத்தில் நின்று, அது தளரும்வரை காத்திருந்து தொடர வேண்டும். தோளை அசைக்கும்போது ஒரு கை தோள்பட்டை எலும்பைத் தாங்கியிருத்தல் வேண்டும். தளர்ந்த தோள் மூட்டு எளிதில் நழுவும் என்பதால், அக்குளில் கைகொடுத்துத் தூக்குவதும் கையைப் பிடித்து இழுத்துப் புரட்டுவதும் எக்காரணத்தாலும் கூடா. தொடங்குமுன் ‘ஐயா, இப்ப வலது கையைத் தூக்கப்போறேன்’ என்று சொல்லித் தொடுவது மரியாதைக்காக மட்டுமன்று. எதிர்பாராத தொடுகை இறுக்கத்தைக் கூட்டும் என்பதற்காகவும்தான்.

இங்கே ஓர் உண்மையை மறைக்காமல் சொல்ல வேண்டும். தசையை இழுத்து நீட்டும் பயிற்சியை ஏழு மாதத்துக்குக் குறைவாகச் செய்வதால் மூட்டின் அசைவெல்லையில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் உண்டாவதில்லை என்பதே 2017-இல் வெளியான காக்ரேன் மதிப்பாய்வின் முடிவு. ஆகவே நாளுக்குப் பத்து நிமிடம் கைகால்களை ஆட்டிவிட்டால் முடக்கம் வராது என்று குடும்பத்தாரை நம்பவைப்பது நேர்மையன்று. அப்பத்து நிமிடத்தின் பயன் மூட்டைச் சோதிப்பதிலும், தூய்மை செய்வதிலும், மாற்றத்தை முன்கூட்டி அறிவதிலும் உள்ளது. மூட்டின் வடிவத்தைத் தீர்மானிப்பதில் எஞ்சிய இருபத்து மூன்று மணி ஐம்பது நிமிடத்தின் கிடப்புநிலைக்குப் பங்கு மிகுதி. குறுகத் தொடங்கிய கணுக்காலுக்கு மாவுக்கட்டைச் சில நாட்களுக்கொரு முறை மாற்றிப் போடுவதும், இறுக்கம் மிகுந்த தசையில் மருத்துவர் போட்யூலினம் ஊசியிடுவதும், பாக்லோஃபென் போன்ற மருந்து தருவதும் துணைபுரியும். பாக்லோஃபென் உறக்கத்தைக் கூட்டக்கூடியது என்பதால் உணர்வுச் சோதனைகளை அம்மருந்தின் வேளையோடு சேர்த்துக் குறிக்க வேண்டும்.

இறுக்கம் திடீரெனக் கூடினால் அது தசையின் கோளாறு என்று எண்ணிக் கூடுதலாக இழுப்பது தவறு. சிறுநீர்க் குழாய் அடைத்திருக்கலாம், மலச்சிக்கல் இருக்கலாம், கால் நகம் சதைக்குள் வளர்ந்திருக்கலாம், முதுகடியில் புண் தொடங்கியிருக்கலாம், யாரும் அறியாமல் எலும்பு முறிந்திருக்கலாம். வலிக்கிறது என்று சொல்ல இயலாத உடல் அதை இறுக்கத்தால் சொல்கிறது. முழங்கை, இடுப்பு போன்ற பெரிய மூட்டருகே வீக்கமும் சூடும் தோன்றி அசைவெல்லை நாளுக்கு நாள் குறைந்தால், தசைக்குள் எலும்பு வளரும் வேற்றிட எலும்பாக்கம் என்னும் சிக்கலை ஐயுற்று மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். இத்தகைய மூட்டை, சுளுக்கு எடுப்பவரையோ எண்ணெய் தடவி நரம்பு தட்டுபவரையோ கொண்டு வலிந்து மடக்குவது நிலைமையை மோசமாக்கும். நல்லெண்ணெய் தடவி மென்மையாக நீவுவதில் தீங்கில்லை; தோல் வறளாமலும் இருக்கும். வலிய கைக்குத்தான் தடை.

கிடத்தலும் புரட்டலும்

பல வீடுகளில் நோயாளருக்கு முதலில் தரப்படுவது நைலான் நாடாக் கட்டில். காற்றோட்டத்துக்கு அது நல்லதெனினும், நடுவில் தொய்வதால் இடுப்பும் முழங்காலும் எப்போதும் மடங்கியே கிடக்கும். ஆதலால் கவனிப்பவரின் இடுப்பு உயரத்துக்குக் கால் உயர்த்திய பலகைக் கட்டிலும், அதன்மேல் காற்றழுத்தம் மாறும் மெத்தையும் ஏற்றவை. ‘வாட்டர் பெட்’ வாங்கியாயிற்று, இனிப் புரட்ட வேண்டியதில்லை என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. எந்த மெத்தையும் புரட்டுதலுக்கு மாற்றன்று. இரண்டு மணிக்கொரு முறை மல்லாந்து, வலப்பக்கம், இடப்பக்கம் என மாற்றி, பக்கவாட்டில் கிடத்தும்போது முழுச் செங்குத்தாக அன்றி முதுகுக்குத் தலையணை கொடுத்து 30 பாகை அளவே சாய்த்து, முழங்கால்களுக்கிடையே தலையணை வைத்து, குதிகால் மெத்தையில் படாதவாறு கெண்டைக்காலின் கீழ் துணிச்சுருள் கொடுக்க வேண்டும். ஆளைத் தரதரவென்று இழுத்தால் தோலின் அடுக்குகள் உராய்ந்து புண்ணாகும். அடியில் நான்காய் மடித்த போர்வையை விரித்து, இருவர் இருபுறமும் அதைப் பிடித்துத் தூக்கி நகர்த்துவது நோயாளரின் தோலையும் கவனிப்பவரின் முதுகையும் காக்கும்.

தலையில் அறுவை செய்துகொண்டவர்களிடம் ஒரு தனி எச்சரிக்கை தேவை. மூளை வீக்கத்துக்கு இடங்கொடுக்க மண்டையோட்டின் ஒரு பகுதியை அகற்றி, பின்னர்ப் பொருத்துவதற்காக அதை வயிற்றுத் தோலுக்கடியில் வைத்துப் பாதுகாப்பது நம் மருத்துவமனைகளில் வழக்கமான முறை. அத்தகையவரை எலும்பில்லாத பக்கம் தலை அழுந்தும்படி கிடத்தக்கூடாது. வயிற்றில் எலும்பு வைத்த இடத்தில் பெல்ட்டோ இறுக்கமான கட்டோ படக்கூடாது. வெளியேறும்போது தரப்படும் சுருக்கக் குறிப்பில் இவ்விவரம் ஒரு வரியில் அடங்கிவிடுவதால், முதல் வருகையிலேயே அதைத் தேடிப் படித்து, கட்டிலின் தலைமாட்டுச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுவது நன்று.

மூச்சுப் பாதை

விழுங்குதலும் இருமலும் குன்றியவர்களுக்கு நுரையீரல் தொற்றே உயிருக்கு முதல் அச்சுறுத்தல். மூக்குக் குழாய் வழியாகவோ வயிற்றுக் குழாய் வழியாகவோ கஞ்சி கொடுக்கும்போதும், அதன்பின் ஒரு மணி நேரமும், தலைப்பகுதி 30 முதல் 45 பாகை உயர்ந்திருக்க வேண்டும். நெஞ்சைத் தட்டிச் சளி பெயர்க்கும் பயிற்சியை உணவுக்கு முன்னரே செய்ய வேண்டும். தொண்டைத் துளைக் குழாய் உள்ளவருக்கு மின்சார உறிஞ்சி வைத்திருக்கும் வீடுகளில், மின்தடைக்கெனக் காலால் மிதித்து இயக்கும் உறிஞ்சி ஒன்றும் இருக்க வேண்டும். பக்கம் மாற்றிப் படுக்கவைப்பதும் நிமிர்த்தி அமரவைப்பதும் தட்டுவதைவிட நுரையீரலுக்கு நல்லவை.

நிமிர்த்துதல்

உடலை நிமிர்த்துவது எலும்புக்கும் நுரையீரலுக்கும் குடலுக்கும் நன்மை தருவதோடு, விழிப்பைக் கூட்டும் வழியாகவும் இருப்பதால், இந்நோயாளருக்கான இயன்முறை மருத்துவத்தின் நடுப்பகுதி இதுவே எனலாம். படுத்திருக்கும்போது கண்மூடிக் கிடப்பவர் அமரவைத்ததும் கண் திறப்பது கவனித்துப் பழகிய எவரும் அறிந்ததே. ஆதலால் கண்ணாடிச் சோதனையும் கட்டளைச் சோதனையும் நிமிர்ந்த நிலையிலேயே நடத்தப்பட வேண்டும்.

மருத்துவமனைகளில் சாய்வு மேசை என்னும், ஆளைக் கட்டிப் படிப்படியாக நிமிர்த்தும் பலகை பயன்படுகிறது. நிமிர்த்தும்போதே கால்களைத் தானாக நடையசைவில் இயக்கும் விலையுயர்ந்த எந்திர மேசையைச் சாதாரணச் சாய்வு மேசையோடு ஒப்பிட்டு 2015-இல் வெளியான ஜெர்மன் ஆய்வில், நோயாளரின் மறுமொழிகளை மேம்படுத்துவதில் சாதாரண மேசையே முந்தியது. சிற்றூர்களில் பணியாற்றுவோருக்கு இது ஆறுதலான செய்தி. மார்பு, இடுப்பு, முழங்கால் ஆகிய மூன்று இடங்களில் அகலப் பட்டையும், பாதம் ஊன்றப் பலகையும் வைத்து, இயன்முறை மருத்துவரின் அளவுகளின்படி உள்ளூர்த் தச்சர் செய்துதரும் சாய்பலகையும் போதுமானதே. 30 பாகையில் தொடங்கி, ஒவ்வொரு படியிலும் இரத்த அழுத்தமும் நாடித் துடிப்பும் பார்த்து, நாட்கள் செல்லச் செல்ல 60 பாகைக்கு மேல் உயர்த்தலாம். முகம் வெளுத்தல், வியர்த்தல், அழுத்தம் சரிதல் ஆகியன தோன்றினால் உடனே படுக்கவைக்க வேண்டும்.

சாய்பலகை இல்லாத வீட்டில் கட்டில் விளிம்பில் அமரவைப்பதே தொடக்கம். இதற்கு இருவர் வேண்டும். நோயாளரை ஒருக்களித்துப் புரட்டி, கால்களைக் கட்டிலுக்கு வெளியே விட்டு, தோளையும் இடுப்பையும் ஒருசேரத் தாங்கி எழுப்பிய பின், ஒருவர் கட்டிலின்மேல் நோயாளருக்குப் பின்னால் மண்டியிட்டுத் தம் மார்பில் அவர் முதுகைச் சாய்த்துக்கொள்ள, மற்றவர் முன்னால் தாழ்வான முக்காலியில் அமர்ந்து இரு முழங்கால்களையும் தம் முழங்கால்களால் அணைத்து, பாதங்கள் தரையில் முழுமையாகப் பதிகின்றனவா என்று பார்க்க வேண்டும். பின்னாலிருப்பவர் தலையை நெற்றியிலும் தாடையிலும் தாங்கி, சில நொடிகள் தாங்கலைத் தளர்த்தி, கழுத்து தானே நிமிர முயல்கிறதா என்பதைக் கவனிப்பார். ஒரு நாள் இரண்டு நொடி நின்ற தலை அடுத்த வாரம் ஐந்து நொடி நின்றால் அது குறித்துவைக்கத்தக்க முன்னேற்றம். பிளாஸ்டிக் நாற்காலியில் துண்டால் கட்டி உட்காரவைக்கும் பழக்கம் ஆபத்தானது; உடல் வழுக்கிச் சரிந்து துண்டு கழுத்தை நெரிக்கக்கூடும். தலைதாங்கியும் சாயும் முதுகும் உள்ள சக்கர நாற்காலிக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். கடும் பாதிப்புக்குள்ளானோருக்கான மாதாந்தரப் பராமரிப்பு உதவித்தொகைக்கும் அதே அலுவலகமே வாயில்.

அமரவைக்கும் வேளை காலை எட்டு மணிக்குள்ளும் மாலை ஐந்துக்குப் பின்னும் அமைதல் நலம். தகரக் கூரையோ ஆஸ்பெஸ்டாஸ் கூரையோ வேய்ந்த வீட்டில் சித்திரை நண்பகலில் நலமுள்ளவரே சோர்வார். உடல்வெப்பத்தைச் சீராக்கும் மையம் பழுதுபட்டவர் நிலை கேட்க வேண்டியதில்லை. காய்ச்சல், மிகு வியர்வை, நாடி விரைவு, உடல் விறைப்பு ஆகியன ஒன்றாகத் தோன்றி அடங்குவது, தன்னியக்க நரம்பு மண்டலம் கட்டின்றிச் செயற்படும் பரிவு நரம்புப் புயலாகவும் இருக்கலாம், தொற்றாகவும் இருக்கலாம். பிரித்தறிவது மருத்துவர் பணியாதலால் அன்றைய பயிற்சியை நிறுத்தித் தகவல் தருவதோடு இயன்முறை மருத்துவர் நின்றுவிட வேண்டும்.

ஒலியும் தொடுகையும்

புலன்களைத் தூண்டினால் உணர்வு திரும்பும் என்ற நம்பிக்கையில் நாள் முழுதும் தொலைக்காட்சியை அலறவிடும் வீடுகள் பல. இடைவிடாத ஒலி தூண்டுதல் ஆகாது; இரைச்சலாகி உறக்கத்தைக் கெடுக்கும். புலன் தூண்டல் பற்றிய சான்றுகள் பொதுவாக வலுவற்றவை. இருப்பினும் பழகிய குரல்கள் சொல்லும் குடும்பக் கதைகளைப் பதிவுசெய்து ஒலிக்கச் செய்த 2015 ஆம் ஆண்டின் சிறிய அமெரிக்க ஆய்வு பயன் இருப்பதாகக் காட்டியது, அதற்குச் செலவும் இல்லை. மகள் தன் பள்ளிக்கூடத்துச் செய்தியையோ, பங்காளி ஒருவர் ஊர்த் திருவிழாவில் தாம் இருவரும் தேரிழுத்ததையோ பத்து நிமிடம் கட்டிலருகே அமர்ந்து சொல்லி, பின் அமைதி விடுவது போதும். காலையில் சன்னலைத் திறந்து வெளிச்சம் விடுவதும், இரவில் விளக்கணைப்பதும், இரவுப் புரட்டலைப் பேச்சின்றி முடிப்பதும் உறக்க–விழிப்புச் சுழற்சியைச் சீராக்க உதவும்.

உணர்வு மீட்சிக்கெனத் தரப்படும் மருந்துகளுள் அமாண்டடின் ஒன்றுக்கே ஓரளவு வலுவான சான்று உண்டு. விபத்தால் தலைக்காயமுற்று 4 முதல் 16 வாரங்களான 184 பேரிடம் நடத்தி 2012-இல் வெளியிட்ட ஆய்வில் அது மீட்சியின் வேகத்தைக் கூட்டியது. அதைத் தருவதா என்பது நரம்பியல் மருத்துவரின் முடிவு; ஆனால் அக்காலக் கெடு வீட்டிலேயே கழிந்துவிடாதபடி மறுபரிசோதனைக்கு அனுப்புவது வீட்டுக்கு வருபவரின் பொறுப்பாகும்.

‘நினைவு வருமா?’

இக்கேள்வி நரம்பியல் மருத்துவரைவிட இயன்முறை மருத்துவரிடமே மிகுதியாகக் கேட்கப்படுகிறது, ஏனெனில் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து மோர் குடிப்பவர் அவர்தாம். ஆம் என்பதும் இல்லை என்பதும் இரண்டுமே பொய்யாகக்கூடும். சொல்லத்தக்கவை சில உள: பிராணவாயுக் குறைவால் பாதிக்கப்பட்டோரைவிட விபத்துக் காயமுற்றோருக்கும், உணர்வற்ற விழிப்பு நிலையில் உள்ளோரைவிடக் குறை உணர்வு நிலையில் உள்ளோருக்கும் வாய்ப்பு மிகுதி. விபத்தாயின் ஓராண்டும் பிற காரணமாயின் மூன்று மாதமும் கடந்த உணர்வற்ற விழிப்பு நிலையை முன்பு ‘நிரந்தரம்’ என்றனர். 2018-இல் வெளியான அமெரிக்க நரம்பியல் வழிகாட்டுதல், பிற்பட்ட மீட்சிகள் காணப்படுவதால் அச்சொல்லைக் கைவிட்டு ‘நாள்பட்ட’ என மாற்றியது. அவ்வாறு பிற்பட்டு மீள்வோரில் பெரும்பாலோர் பிறர் துணையின்றி வாழும் நிலையை எட்டுவதில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பயிற்சியை நிறுத்தாதிருந்தால் எழுந்துவிடுவார் என்று சொல்லும் மருத்துவர், அவர் எழாதபோது அப்பழியைத் தாயின் தலையிலோ மனைவியின் தலையிலோ சுமத்திவிடுகிறார். களையெடுப்புக்கோ நூறு நாள் வேலைக்கோ போகாமல் இரண்டு மணிக்கொரு முறை புரட்டிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு அது பெருங்கொடுமை.

அன்றாடம் கவனித்தவற்றைக் குறித்துவைக்க ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் போதும். தேதி, வேளை, கிடந்த நிலை, கண் திறந்திருந்த நேரம், கட்டளையும் நான்கில் எத்தனை முறை செய்தார் என்பதும், கழுத்து நின்ற நொடிகள், முழங்கையும் கணுக்காலும் எவ்வளவு விரிந்தன என்பது, தோலில் சிவந்த இடம், அன்று மாறிய மருந்து ஆகியவற்றை ஒருவரே எழுதாமல் அன்றன்று கவனித்தவர் எழுதலாம். புதுக்கோட்டையில் மறுபரிசோதனைக்குச் செல்லும்போது மருத்துவர் நோயாளரைப் பார்ப்பது சில நிமிடங்களே, அதுவும் வண்டிப் பயணத்தில் களைத்த நோயாளரை. ஒரு மாதக் குறிப்பு அக்குறையை ஈடுசெய்யும். மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் தொடர் பராமரிப்புச் செலவை மெய்ப்பிக்கவும் அதே நோட்டு பயன்படக்கூடும் என்பதால், இயன்முறை மருத்துவர் ஒவ்வொரு வருகையிலும் அதில் தேதியிட்டுக் கையொப்பமிட வேண்டும். முன்பு இருந்த மறுமொழிகள் ஒரு வாரத்துக்குள் மங்கினாலோ, உறக்கம் மிகுந்து வாந்தி தொடங்கினாலோ, எலும்பு நீக்கிய இடம் புடைத்தாலோ, வலிப்பு வந்தாலோ அடுத்த மறுபரிசோதனைத் தேதிக்காகக் காத்திராமல் அந்நோட்டோடு அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.